நிலத்தை ஒத்திக்கு விட்டு ஊசி போடலாமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் விவசாயம் செய்கிறேன். மனைவி என் அக்கா மகள். மகனுக்கு 22 வயது. நாலைந்து வருடமாகப் பொழுது சாய்ந்தால் தடுமாறுகிறான். விழித்திரையில் பரம்பரை நோய், பெயர் ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்று சொல்லிவிட்டார்கள். தெரிந்தவர் ஒருவர், வெளியூரில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகும், இரண்டு கண்ணுக்கும் மூன்றரை லட்சம் என்கிறார். இரண்டு மா நிலத்தை ஒத்திக்கு விடலாமா? மகளுக்கு 19 வயது. என் மைத்துனருக்கே கொடுக்கப் பேசியிருந்தோம், இப்போது அதுவும் பயமாக இருக்கிறது.

பதில்: நிலத்தை ஒத்திக்கு விடாதீர்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

விழித்திரையில் மங்கிய வெளிச்சத்துக்கென்று ஒரு வகை செல்கள் உண்டு. அவைதான் முதலில் பட்டுப்போகின்றன. அதனால் முதலில் இருட்டில் தெரியாது, பிறகு பக்கவாட்டில் தெரியாது, நடுப்பார்வை கடைசிவரை தாக்குப்பிடிக்கும். உங்கள் பையன் பேப்பரில் பொடி எழுத்தைப் படிப்பான், ஆனால் இலைக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடுவான். கவனமில்லாதவன் என்று திட்டியிருப்பீர்கள். திட்டாத வீட்டை நான் பார்த்ததில்லை.

சரி, ஊசிக்கு வருவோம். ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்லாக மாறி வளரக்கூடிய மூலச் செல். இந்த நோய்க்கு அது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. முறையான ஆராய்ச்சியில் சேர்கிறவரிடம் ஊசிக்குக் காசு வாங்க மாட்டார்கள். மூன்றரை லட்சம் என்று ஒருவர் விலை சொல்லும்போதே விஷயம் புரிந்துவிடுகிறது, அழைத்துப்போகிறவருக்கு அதில் எவ்வளவு என்றும் கேட்டுப்பாருங்கள். அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் மூன்று பெண்மணிகள் வேறொரு விழித்திரை நோய்க்காகப் பணம் கட்டி, தங்கள் உடல் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை இரண்டு கண்ணிலும் போட்டுக்கொண்டார்கள். இருந்த பார்வையும் போயிற்று. 2017-ல் மருத்துவ இதழில் அது விரிவாக வெளிவந்தது.

தரகர்கள் காட்டும் செய்தித் துணுக்கு ஒன்று மட்டும் நிஜம். லக்ஸ்டர்னா என்ற ஜீன் (மரபணு) மருந்துக்கு அமெரிக்கா 2017 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. ஆனால் ஆர்.பி.இ.65 என்ற ஒரே ஒரு ஜீனில் கோளாறு இருப்பவர்களுக்குத்தான் அது, அவர்கள் மிகச் சொற்பம். இரண்டு கண்ணுக்கும் அங்கே வைத்த விலை 8,50,000 டாலர். உங்கள் ஊர் ஆள் மூன்றரை லட்ச ரூபாய்க்குத் தருவது அதுவாக இருக்க முடியாது.

கண் தானத்தில் கிடைக்கும் கண்ணை வைக்கலாமே என்பார்கள். அதில் மாற்றுவது முன்பக்கக் கருவிழியை, உங்கள் பையனுக்குப் பழுது பின்பக்கத்தில். பொன்னாங்கண்ணி, கேரட் தாராளமாகச் சாப்பிடட்டும், இந்த மாலைக்கண் அதில் தீராது. வைட்டமின் ஏ மாத்திரையை அதிக அளவில் தானாக விழுங்க வேண்டாம், ஈரலைக் கெடுக்கும். கூடவே கண்புரையோ விழித்திரை வீக்கமோ வந்தால் அவற்றுக்கு வைத்தியம் உண்டு, ஆகவே வருடம் ஒருமுறை காட்டுங்கள்.

இந்த அலைச்சலை ஊனச் சான்றிதழுக்கு அலையுங்கள் என்பேன். இங்கேதான் எனக்குக் கோபம் வரும். நான் கடிதம் கொடுத்தனுப்பிய ஒரு பையனைச் சான்றிதழ் முகாமில் சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரிக்கு முந்தைய வரிவரை படித்தான். ‘நன்றாகத்தானே தெரிகிறது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டிக் கண்ணில் வைத்துக்கொண்டு வரப்பில் பத்தடி நடந்து பாருங்கள், அவன் பாடு தெரியும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எழுத்துப் பலகையை மட்டும் பார்க்கச் சொல்லவில்லை. ஒரு கண்ணுக்குப் பக்கவாட்டில் சாதாரணமாக 150 டிகிரி அளவுக்குத் தெரியும். அது 40-க்குக் கீழே குறுகினால் குறைபார்வை, 10-க்கும் கீழே போனால் பார்வையின்மை. எழுத்து எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் சரி. அதனால் பார்வைப் புலச் சோதனையை முன்பே எடுத்து, அந்தக் காகிதத்தோடு போங்கள். ‘டிகிரியைப் பாருங்கள் சார்’ என்று கேளுங்கள், தயங்காதீர்கள். முன்பே எடுக்க முடியாமல், முகாமிலும் அந்தச் சோதனைக்கான இயந்திரம் இல்லை என்றால், இருக்கும் இடத்துக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். உண்மையில் அவர்களே செய்ய வேண்டிய வேலை இது.

கல்யாண விஷயம். ஏறக்குறைய ஒவ்வொரு ஜீனும் நமக்கு இரண்டு. அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. ஒரே போர்வெல்லுக்கு இரண்டு மோட்டார் மாதிரி, ஒன்று எரிந்தாலும் மற்றது ஓடும். சொந்தத்தில் கட்டியதால், பெரும்பாலும் உங்களுக்கும் மனைவிக்கும் ஆளுக்கு ஒன்று எரிந்திருக்கும், ஒரே குடும்பத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். பையனுக்கு இரண்டும் எரிந்தவையாக வந்திருக்கும். யார் மேலும் குற்றமில்லை. உங்கள் மைத்துனர் மனைவியின் உடன்பிறந்தவர், அவரிடமும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கண் நன்றாக இருந்தாலும் மகளிடம் இருக்க வாய்ப்பு அதைவிட அதிகம், மூன்றில் இரண்டு. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் அந்தப் பேச்சை நிறுத்திவையுங்கள். முதலில் மகனுக்கு ஜீன் பரிசோதனை, ரத்தம் கொடுத்தால் போதும். மதுரை அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் இதற்கென்று பிரிவு இருக்கிறது. மகளையும் கூட்டிப்போய் விழித்திரையைக் காட்டிவிடுங்கள்.

அப்புறம், பைக் சாவியை அவனிடமிருந்து வாங்கிவிடுங்கள், பகலிலும்தான். அறுப்பு நேரத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், ஓரத்தில் கல் அடுக்கியிருப்பார்கள். அந்தக் கல் அவனுக்குத் தெரியாது.