தேதியைப் பார்த்தீர்களா? ஹோம்ப்ரூ கடை பற்றிய கேள்வி-பதில்

அமெரிக்கா முழுவதும் இலையுதிர்காலம் நெருங்குகிறது. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களும் ஒயின் போடுகிறவர்களும் அதற்கான சாமான் விற்கும் ஹோம்ப்ரூ கடைக்குக் கிளம்பும் நேரம். வந்த கடிதங்களும் பெரும்பாலும் கடையைப் பற்றியே. நேராகப் பதிலுக்கு வருகிறேன்.

முதன்முறையாக ஹோம்ப்ரூ கடைக்குப் போகிறேன். நூறு டாலருக்குள் என்னென்ன வாங்கலாம்? (எடிசன், நியூ ஜெர்சி)

ஆறரை கேலன் மூடிபோட்ட பிளாஸ்டிக் வாளி, வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக், சர்க்கரையின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ராமீட்டரும் அதற்கான குழாயும், பீரை வண்டல் கலங்காமல் இறைக்கும் ஆட்டோ சைஃபன், ஸ்டார் சான் என்ற கிருமிநாசினி ஒரு சின்ன பாட்டில், பாட்டில் மூடி அடிக்கும் கேப்பர். இவை சேர்ந்த ஆரம்பப் பெட்டியாகவே பல கடைகளில் நூறு டாலரை ஒட்டிக் கிடைக்கும். கூட ஐந்து கேலன் பீருக்கான பொருள்களை அடக்கிய ரெசிப்பி கிட் ஒன்று, அதற்குப் பணம் தனி. கிட் பெட்டியைக் கையில் எடுத்ததும் முதலில் ஈஸ்ட் பொட்டலத்தின் தேதியைப் பாருங்கள். மால்ட் என்பது முளைகட்டிக் காயவைத்த பார்லி, அதன் பாகுதான் திரவ மால்ட் எக்ஸ்ட்ராக்ட். ஆறு மாதமாக அலமாரியில் தூங்கியதென்றால் அதன் நிறம் கறுத்திருக்கும், பீரில் ஒரு பழசான சுவை வரும். சந்தேகமிருந்தால் உலர் எக்ஸ்ட்ராக்ட் உள்ள கிட்டைக் கேளுங்கள், அது அவ்வளவு சீக்கிரம் கெடாது. ஸ்டெயின்லெஸ் கூம்புத் தொட்டி, கெக், பம்ப் எல்லாம் கண்ணைப் பறிக்கும். முதல் வருடத்துக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பீர் சரியாக வரவில்லை. என்ன பிரச்சினை? கடையில் என்ன வாங்கிப் போட வேண்டும்? (ராலே)

கடிதம் இவ்வளவுதான். எத்தனை கேலன், எந்த ஈஸ்ட், அறை எத்தனை டிகிரி, ஆரம்ப கிராவிட்டி, அதாவது ஹைட்ராமீட்டர் முதலில் காட்டிய அடர்த்தி எண் எவ்வளவு, எத்தனை நாள் ஆயிற்று, "சரியாக வரவில்லை" என்றால் புளிப்பா, இனிப்பா, நுரை இல்லையா? ஒன்றும் இல்லை. இப்படிக் கேட்டால் கடைக்காரராலும் உதவ முடியாது. உங்களிடம் ஹைட்ராமீட்டர் இல்லை என்றே நினைக்கிறேன். இருந்தால் கடிதத்தில் ஒரு எண்ணாவது இருந்திருக்கும். அதைத்தான் வாங்குங்கள், பத்து டாலர் சொச்சம். ஏர்லாக்கில் குமிழி வருகிறதா என்று பார்த்து முடிவு கட்டாதீர்கள். வாளி மூடி லேசாகக் கசிந்தாலே குமிழி நின்றுவிடும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரு முறை அளந்து எண் மாறாமல், ரெசிப்பி சொல்லும் முடிவுக்குப் பக்கத்திலும் இருந்தால் நொதித்து முடிந்தது. அதற்கு முன் பாட்டிலில் அடைத்தால் பாட்டில் வெடிக்கலாம்.

பிரெட் ஈஸ்ட் வீட்டில் இருக்கிறது. அதையே போடலாமா? (டல்லாஸ்)

நொதிக்கும். ஆனால் சரியாக வண்டல் படியாது, ரொட்டி வாசம் போகாது. நாற்பது டாலர் பொருளைப் போட்டுவிட்டு ஐந்தாறு டாலர் ஈஸ்ட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். பீருக்கு யுஎஸ்-05 அல்லது நாட்டிங்ஹாம் வகை ஈஸ்ட், ஒயினுக்கு லால்வின் என்ற பிராண்டின் பொட்டலங்கள். ஐந்து கேலனுக்கு ஒன்று போதும். தேதி பார்த்து வாங்குங்கள்.

ஹாப்ஸ் ஒரு பவுண்டு பாதி விலைக்குத் தருகிறார்கள், போன வருட அறுவடை. வாங்கலாமா? (சிகாகோ)

பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் இந்தப் பூவை எங்கே வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள், பதில் அதில் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கில் ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பரிலும் அறுவடை நடக்கிறது. ஆகவே வருடத்தின் பெரும்பகுதி எல்லாரும் குடிப்பதே போன வருட ஹாப்ஸ்தான். காற்றுப் புகாத ஃபாயில் பையில் ஃப்ரீசரில் இருந்திருந்தால் தாராளமாக வாங்கலாம். கொக்கியில் மாட்டி, ஜன்னல் வெயில் படும்படி தொங்கியதென்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். வீட்டில் பையைப் பிரித்ததும் உள்ளிருக்கும் ஹாப்ஸ் உருண்டைகள் பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பேறி, பழைய சீஸ் வாடை அடித்தால் திருப்பிக் கொடுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார். மிச்சமானதை இறுக்க மூடி உடனே ஃப்ரீசரில் வையுங்கள்.

மால்ட்டைக் கடையிலேயே அரைத்து வாங்குவதா, முழுசாக வாங்குவதா? (ஹூஸ்டன்)

அந்த வாரமே காய்ச்சுவதாக இருந்தால் அரைத்தே வாங்குங்கள். அரைத்த மால்ட் அரைத்த காப்பித்தூள் மாதிரி, நாளாக நாளாக வாசம் இறங்கும். இரண்டு மூன்று வாரம் தாங்கும், அதற்கு மேல் நான் வைக்கமாட்டேன். ஹூஸ்டன் ஈரக்காற்றில் இன்னும் குறைவு. முழு மால்ட் காய்ந்த இடத்தில் ஏறக்குறைய ஒரு வருடம் இருக்கும். அரைத்து முடித்ததும் பையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். மணி ஒவ்வொன்றும் இரண்டு மூன்றாக உடைந்திருக்க வேண்டும், உமி கிழியாமல் இருக்க வேண்டும். முழு மணிகள் தென்பட்டால் மில்லின் இடைவெளி அதிகம், இன்னொரு முறை விடச் சொல்லுங்கள். மாவாகக் கொட்டினால், வெந்நீரில் ஊறும் மால்ட் கலவையான மாஷ் வடியாமல் அடைத்துக்கொள்ளும். அரைப்பதற்கு முன் நாலு மணி வாயில் போட்டு மெல்லுவதில் வெட்கம் வேண்டாம், பெரும்பாலான கடைகளில் அனுமதிப்பார்கள். மொறுமொறுவென்று உடைந்து இனிக்க வேண்டும். நமுத்துப் போயிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உள்ளூர்க் கடையில் போய்ப் பார்த்து, கேட்டுத் தெரிந்துகொண்டு, இணையத்தில் ஆர்டர் செய்கிறேன். ஒவ்வொரு முறையும் ஐந்து பத்து டாலர் மிச்சம். நண்பர் தவறு என்கிறார். உங்கள் கருத்து? (ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா)

உங்கள் நண்பர் சொல்வது சரி. இது எனக்கு வெகுநாளாக நெஞ்சில் கிடக்கும் விஷயம், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

நான் வழக்கமாகப் போகும் கடையில் பலமுறை கண்ட காட்சி இது. சனிக்கிழமை காலை, கவுன்டரில் வரிசை. முன்னால் நிற்பவர் தன் ரெசிப்பியைக் காட்டுகிறார். கடைக்காரர் அதை வாசித்து, "இந்த கிரிஸ்டல் மால்ட் ஒரு பவுண்டு அதிகம், பாதி போதும், உங்கள் ஊர்த் தண்ணீரில் குளோரமின் என்ற கிருமிநாசினி இருக்கிறது, கேம்ப்டன் என்ற சல்ஃபைட் மாத்திரை ஒன்றைக் கரைத்துவிடுங்கள்" என்று பென்சிலால் திருத்துகிறார். அரை மணி நேரம் போகிறது. வந்தவர் அந்தத் தாளைப் படம் எடுக்கிறார், குளிர்பெட்டியிலிருக்கும் ஈஸ்ட் பையின் பெயரைப் படம் எடுக்கிறார், நன்றி சொல்லிவிட்டு வெறுங்கையோடு போகிறார். பவுண்டு இரண்டு டாலர் மால்ட்டில் அந்தக் கடைக்காரருக்கு எவ்வளவு நிற்கும் என்று நினைக்கிறீர்கள்? வாடகை, மின்சாரம், வருடம் முழுக்க ஓடும் ஃப்ரீசர் எல்லாம் அதிலிருந்துதான். கடந்த பத்து வருடத்தில் எத்தனையோ ஊர்களில் இப்படிப்பட்ட கடைகள் மூடிவிட்டன. மூடின பிறகு அதே ஆட்கள் "ஹைட்ராமீட்டர் உடைந்துவிட்டது, இன்றே வேண்டும், எங்கே கிடைக்கும்" என்று எனக்கு எழுதுகிறார்கள்.

மிச்சம் என்கிறீர்களே, அந்தக் கணக்கும் சரியில்லை. ஆகஸ்டு வெயிலில் டெலிவரி வண்டிக்குள் இரண்டு நாள் வெந்து வரும் திரவ ஈஸ்ட்டில் உயிர் எவ்வளவு மிஞ்சும்? ஐஸ் பொட்டலம் முதல் நாளே உருகிவிடும். ஐம்பத்தைந்து பவுண்டு மால்ட் மூட்டைக்கு அனுப்பும் செலவைச் சேர்த்துப் பாருங்கள். கால் பவுண்டு சாக்லேட் மால்ட் மட்டும் வேண்டுமென்றால் கடையில் அதை நிறுத்துத் தருவார்கள், இணையத்தில் பல இடங்களில் முழுப் பவுண்டாக வாங்க வேண்டும். பார்த்து, முகர்ந்து, மென்று வாங்குவதற்கு விலை ஏது?

அதற்காக உள்ளூர்க் கடை என்பதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்று சொல்லவில்லை. ஹாப்ஸ் வெளியே தொங்குகிறது, ஈஸ்ட்டின் தேதி தாண்டிவிட்டது, கேட்டால் "ஒன்றும் ஆகாது" என்று நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்றால் அந்தப் படி ஏறாதீர்கள். ஆனால் ஒருவரிடம் யோசனை கேட்டால் அன்றைக்குத் தேவையான பொருளையாவது அவரிடம் வாங்குங்கள். தொட்டி, பர்னர் மாதிரிப் பெரிய சாமான்களை எங்கே மலிவோ அங்கே வாங்கிக்கொள்ளுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் இந்த மூன்றும் கடைக்காரர் கையிலிருந்து.

ஸ்டார் சான் நுரையைக் கழுவ வேண்டாமா? அது இருக்கும்போது பிபிடபிள்யூ எதற்கு? (சியாட்டில்)

ஐந்து கேலன் தண்ணீருக்கு ஒரு அவுன்ஸ் என்ற அளவில் கலந்தால் கழுவ வேண்டாம். நுரையோடே பீரை ஊற்றலாம். கண்ணளவில் கூடுதலாகக் கொட்டாதீர்கள். பிபிடபிள்யூ என்ற கழுவும் பொடி அழுக்கை எடுக்கும், ஸ்டார் சான் கிருமியை ஒடுக்கும், இரண்டும் வேறு வேலை. காய்ந்த வண்டல் ஒட்டிய வாளியில் எத்தனை ஸ்டார் சான் ஊற்றினாலும் பயனில்லை. இன்னொன்று: ஸ்டார் சான் அமிலம். வீட்டு பிளீச்சோடு கலந்தால் குளோரின் வாயு வரும். இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள்.

இந்தியக் கடையில் டின்னில் விற்கும் மாம்பழக் கூழில் ஒயின் போட ஆசை. ஹோம்ப்ரூ கடையில் என்ன கேட்பது? (அட்லாண்டா)

நல்ல ஆசை, நன்றாகவே வரும். முதலில் டின்னின் லேபிளைப் படியுங்கள். சோர்பேட், பென்சோயேட் என்று கெடாமல் காக்கும் பொருள் எதாவது இருந்தால் வேண்டாம், ஈஸ்ட் கிளம்பாது. மாம்பழம், சர்க்கரை, சிட்ரிக் அமிலம் மட்டும் என்றால் எடுங்கள். 850 கிராம் டின் இரண்டு, ஒரு கேலனுக்குப் போதும். ஹோம்ப்ரூ கடையில் பெக்டிக் என்ஸைம், ஈஸ்ட் நியூட்ரியன்ட், கேம்ப்டன் மாத்திரை, 71பி ஈஸ்ட் ஒரு பொட்டலம் வாங்குங்கள். பெக்டிக் என்ஸைம் போடாவிட்டால் ஒயின் கலங்கியே நிற்கும்.

கூழைத் தண்ணீரில் கலந்து, கேலனுக்கு ஒரு கேம்ப்டன் மாத்திரையைப் பொடித்துப் போட்டு, துணி போட்டு மூடுங்கள். பாதி நாள் கழித்து என்ஸைம், ஒரு நாள் முடிந்த பிறகு ஈஸ்ட். அவசரப்பட்டு மாத்திரையோடே ஈஸ்ட்டையும் போட்டுவிட்டு "கடைக்காரன் செத்த ஈஸ்ட்டைக் கொடுத்தான்" என்று எழுதாதீர்கள். டின் கூழில் ஏற்கெனவே சர்க்கரை உண்டு, ஆகவே இணையத்து ரெசிப்பி சொல்லும் சர்க்கரையை அப்படியே கொட்டக்கூடாது. ஹைட்ராமீட்டரை மிதக்கவிட்டு 1.085, 1.090 வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். வண்டல் ஏராளமாக இறங்கும், ஒரு கேலன் எடுக்க ஒன்றேகால் கேலன் போடுங்கள்.

கடைசியில் இனிப்பு வேண்டுமென்றால் முழுக்க நொதித்து, தெளிந்து, வண்டலிலிருந்து மாற்றிய பிறகு பொட்டாசியம் சோர்பேட்டும் கேம்ப்டனும் சேர்த்துப் போட்டு, அப்புறம் சர்க்கரை. நடந்துகொண்டிருக்கும் நொதிப்பைச் சோர்பேட் நிறுத்தாது. புதிதாக ஈஸ்ட் பெருகாமல் தடுக்கும், அவ்வளவே. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் மாத்திரையைப் பொடிக்கும்போது தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

கேம்ப்டன் மாத்திரைக்குப் பதில் மெட்டாபைசல்ஃபைட் பவுடர் வாங்கலாமா? (அதே அட்லாண்டாவிலிருந்து இன்னொருவர்)

மாத்திரையும் அதே மெட்டாபைசல்ஃபைட்தான், ஆறு கேலன் போடுகிறவர் பவுடரே வாங்கலாம். ஆறு கேலனுக்குக் கால் டீஸ்பூன் போதும். ஒரு கேலன்காரருக்கு மாத்திரைதான் சௌகரியம். டப்பாவைத் திறந்த தேதியை மேலே எழுதி வையுங்கள், ஒரு வருடம் ஆனால் புதிது வாங்குங்கள்.

வீட்டில் பீர் போடுவது சட்டப்படி சரியா? தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் பாட்டில் ஐந்து டாலருக்கு விற்கலாமா? (மினியாபொலிஸ்)

போடலாம். 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அடுத்த பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வயது வந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு வருடம் நூறு கேலன், இருவரோ அதற்கு மேலோ என்றால் இருநூறு. மாநிலச் சட்டத்தால் தடுத்துவந்த மிசிசிப்பியும் அலபாமாவும்கூட 2013-இல் வழிவிட்டன. விற்பதற்கு அனுமதி இல்லை. ஐந்து டாலரும் கூடாது, "நன்கொடை" என்று பெயர் மாற்றினாலும் கூடாது.

ஒயினைக் காய்ச்சி வடித்தால் பிராந்தி வருமாமே. கடையில் அதற்கான சாமான் கேட்டேன், பேசவே மறுத்துவிட்டார். (பெயரும் ஊரும் வேண்டாம் என்கிறார்)

மறுத்தது சரி. மேலே சொன்ன அனுமதி வடிக்கும் சரக்குக்குக் கிடையாது. கடைக்காரரை இந்த வம்பில் இழுக்காதீர்கள். எனக்கும் எழுதாதீர்கள்.

கோயம்புத்தூரில் வீட்டிலேயே பீர் போடலாமா?

கூடாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 இருக்கிறது.

புதுத் திராட்சை வாங்க எப்போது சொல்லி வைக்க வேண்டும்? (பிட்ஸ்பர்க்)

இப்போதே. கலிஃபோர்னியாப் பெட்டிகள் செப்டம்பர், அக்டோபரில் வந்துசேரும், முன்பதிவு கோடையிலேயே தொடங்கிவிடும். பெட்டி சுமார் 36 பவுண்டு. இரண்டு பெட்டிக்கு ஐந்து கேலன் என்று வைத்துக்கொள்ளுங்கள், சிவப்பானால் கொஞ்சம் கூடும் குறையும். வாங்கும் நாளில் மேலடுக்கை மட்டும் பார்க்காமல் பெட்டியைச் சாய்த்து அடியைப் பாருங்கள். அடி ஈரமாக, வினிகர் வாசத்தோடு இருந்தால் வேறு பெட்டி கேளுங்கள். திராட்சையின் சர்க்கரை பெட்டிக்குப் பெட்டி மாறும், ஆகவே பிழிந்ததும் ஹைட்ராமீட்டர். சிலே நாட்டுத் திராட்சை வசந்தத்தில் வரும், தவறவிட்டவர்களுக்கு அது இரண்டாம் வாய்ப்பு.

கார்க் எந்த அளவு? (டெட்ராய்ட்)

சாதாரண 750 மில்லி பாட்டிலுக்கு ஒன்பதாம் எண், தரையில் வைத்து அழுத்தும் கார்க்கரோடு. முப்பது பாட்டிலுக்காக அதை விலை கொடுத்து வாங்க வேண்டாம், பல கடைகள் வாடகைக்குத் தருகின்றன. கார்க் பை பிரிக்காததா என்று பாருங்கள். அடைத்த பின் மூன்று நாள் நிறுத்தி வைத்து, அப்புறம் படுக்கப் போடுங்கள்.

கண்ணாடிக் கார்பாய் பாதி விலைக்குக் கிடைக்கிறது, வாங்கட்டுமா? (பீனிக்ஸ்)

வேண்டாம். குறுகிய கழுத்துள்ள இந்தப் பெரிய குடுவை ஆறு கேலன் நிரம்பினால் கண்ணாடியும் சேர்த்து அறுபது பவுண்டுக்கு மேல். ஈரக்கையில் வழுக்கி உடைந்து, தையல் போட்டுக்கொண்டவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் நிறையப் பேர். கழுத்தில் மாட்டும் கைப்பிடியும் காலி கார்பாயைத் தூக்கத்தான். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிளாஸ்டிக்கே வாங்குங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்தாயிற்று என்றால் பால் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் உட்காரவைத்து, பெட்டியின் பிடியைப் பிடித்துத் தூக்குங்கள். கொதிக்கக் கொதிக்க எதையும் அதில் ஊற்றாதீர்கள்.