'டிட் யூ வென்ட்?' ஏன் தவறு? வென்ட் (went), கான் (gone) இரண்டில் எது எங்கே வரும்?

ஆங்கில வினைத்தொடரில் காலம் காட்டும் வேலை முதலில் நிற்கும் சொல்லுக்கு மட்டும்தான். 'டிட்' வந்துவிட்டால் இறந்தகாலத்தை அதுவே சொல்லிவிடும்; பின்னால் வருவது வெறும் 'கோ'. ஆகவே 'டிட் யூ கோ?', 'ஐ டிட்ன்ட் கோ'. நம் 'போகவில்லை'யைப் பிரித்துப் பாருங்கள்: போக + இல்லை. அந்தப் 'போக'வில் காலமே கிடையாது. 'போனவில்லை' நம் காதுக்கு எப்படி உறுத்துமோ, 'டிட்ன்ட் வென்ட்' அவர்களுக்கு அப்படி உறுத்தும். சறுக்குவது கேள்வியில்தான், ஏனென்றால் 'போனாயா?'வில் வினைச்சொல்லே காலத்தைச் சுமக்கிறது. 'யார் போனது?' என்று கேட்கும்போது மட்டும் டிட் வேண்டாம்: 'ஹூ வென்ட்?'

வென்ட் தனியாக நிற்கும், துணைவினையை ஏற்காது. கான் நேர்மாறு: ஹேவ், ஹேஸ், ஹேட் போன்ற ஏதாவதொரு துணைவினை முன்னால் இருந்தாக வேண்டும். சா–சீன் (saw–seen), ரோட்–ரிட்டன் (wrote–written) ஜோடிகளும் இப்படியே. (வென்ட் உண்மையில் wend என்ற வேறொரு பழைய வினையின் இறந்தகாலம்; send–sent, bend–bent போன்றது. அதனால்தான் 'கோ'வோடு ஒட்டாமல் நிற்கிறது.)

வடிவங்களை மனப்பாடம் செய்த பிறகும் தொடரும் தவறு வேறு. 'போன வாரம் மதுரைக்குப் போயிருந்தேன்' என்பது நல்ல தமிழ். அதை அப்படியே 'லாஸ்ட் வீக் ஐ ஹேட் கான் டு மதுரை' என்று மாற்றினால், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்பவர் காத்திருப்பார். ஹேட், இறந்தகாலத்தின் இன்னொரு நிகழ்ச்சிக்கு முந்தியதைச் சொல்ல: 'நான் போய்ச் சேருமுன் பஸ் போய்விட்டிருந்தது', அதாவது 'த பஸ் ஹேட் கான்'. மதுரைப் பயணத்துக்கு 'ஐ வென்ட்' போதும்.

'பார்த்திருக்கிறேன்' பெரும்பாலும் 'ஐ ஹேவ் சீன்'தான். அந்த 'இருக்கிறேன்' நிகழ்காலம், 'ஹேவ்'வும் நிகழ்காலம். ஆனால் ஈரத் தரையைப் பார்த்து 'ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்கிறோமே, அங்கே 'ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்' வராது. யெஸ்டர்டே, லாஸ்ட் நைட், 2019 என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் ஹேவ், ஹேஸ் இரண்டுக்கும் இடமில்லை. 'இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என்றோ, ஊகம் தெரிய வேண்டுமானால் 'இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட்' என்றோ சொல்லுங்கள்.

கட், புட் போன்றவை இறந்தகாலத்திலும் மாறாது. 'ஹி கட் த ட்ரீ'யில் 'கட்ஸ்' இல்லாததே இறந்தகாலத்தைக் காட்டிவிடும். 'ஐ கட்' என்றால் அந்தக் குறிப்பும் இல்லை. யெஸ்டர்டே மாதிரி ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள்.