டெஸ்லாவைக் கதைக்குள் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: மின்சாரக் கண்டுபிடிப்பாளர் நிகோலா டெஸ்லாவை வைத்து ஓர் அறிவியல் புனைகதை எழுதுகிறேன். நாலு பக்கம் தாண்டுவதற்குள் வாழ்க்கை வரலாறு மாதிரி ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பிறந்த ஊர், எடிசனோடு தகராறு இதையெல்லாம் முதலில் வெட்டிவிடுங்கள். அவர் சாதித்ததிலும் கதைக்கு அவ்வளவு தீனி இல்லை. மாறுதிசை மின்னோட்டம் நம் வீட்டு மிக்சியில் தினமும் ஓடுகிறது. அதற்கு யார் வாய்பிளப்பார்கள்? பாதியில் நின்றதைப் பிடியுங்கள்.

1901-இல் நியூயார்க் பக்கத்திலுள்ள லாங் ஐலண்டில் வார்டன்கிளிஃப் கோபுரத்தைக் கட்டத் தொடங்கினார். கடல் கடந்து செய்தி அனுப்பத்தான் வங்கி முதலாளி ஜே. பி. மார்கன் 1,50,000 டாலர் கொடுத்தார். டெஸ்லாவின் மனதில் இருந்ததோ, கம்பியே இல்லாமல் மின்சாரத்தையும் அனுப்புவது. அந்த டிசம்பரிலேயே மார்க்கோனி அட்லாண்டிக்கைத் தாண்டி சிக்னல் அனுப்பிவிட்டார். மார்கனும் மேற்கொண்டு பணம் தர மறுத்துவிட்டார். கடைசியில், டெஸ்லா தங்கியிருந்த வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலின் பாக்கிக்கு ஈடாக அந்த இடம் கைமாறியது. 1917-இல் கோபுரத்தை இடித்தார்கள்.

சரி, அது வேலை செய்திருந்தால்? காற்றில் வரும் கரண்டுக்கு மீட்டரை எங்கே மாட்டுவது? திருட்டு கரண்ட் என்று யாரைப் பிடிப்பது? இந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். குதிரை வண்டியும் கேஸ் விளக்கும் அப்படியே இருக்கட்டும்.

அப்புறம், டெஸ்லாவின் தலைக்குள் புகுந்து எழுதாதீர்கள். பக்கத்தில் நின்றவர் கண்ணால் பாருங்கள். 1898-இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், தண்ணீர்த் தொட்டியில் மிதந்த சின்னப் படகை ரேடியோ அலையால் ஓட்டிக் காட்டினார். கூட்டத்துக்கு ரேடியோ என்றால் என்னவென்றே தெரியாது. அந்தக் கூட்டத்தில் ஒருவராக நின்று எழுதினால் விளக்கவுரையே தேவைப்படாது.

கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஆய்வகத்தில் மின்னல் கீற்றுகளுக்குக் கீழே அவர் நிதானமாக உட்கார்ந்திருக்கும் படத்தை அப்படியே காட்சியாக்கிவிடாதீர்கள். அது இரட்டைப் பதிவு. தீப்பொறி தனியாக, ஆள் தனியாக எடுத்தது. என்னைக் கேட்டால், இருட்டில் காத்திருந்த அந்தப் போட்டோகிராபர்தான் நல்ல கதாபாத்திரம்.

அவரைவிடவும் எனக்குப் பிடித்தவர் ஓட்டல் கணக்குப்பிள்ளை. அப்படி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பாக்கிக்கு வந்த கோபுரத்தை, இடிப்பதற்கு முதல் நாள் நோட்டும் பென்சிலுமாகப் பார்க்கப் போகிறார். பல வருடமாக மின் இணைப்பே இல்லாத இடம். அவர் கையிலிருக்கும் பல்பு மெல்ல எரியத் தொடங்குகிறது.