அடுத்தவர் குதிரையை வண்டியில் ஏற்றும் முன்

கேள்வி: காரைக்குடியில் மஞ்சள் போர்டு பிக்கப் ஒன்று வைத்திருக்கிறேன். ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தைக்குத் தெரிந்தவர்கள் இரண்டு குதிரைகளை ஏற்றிப் போகச் சொல்கிறார்கள், வாடகையும் தருவார்கள். வழியில் குதிரைக்கு ஏதாவது ஆனால் வண்டி இன்சூரன்ஸ் கொடுக்குமா?

பதில்: கொடுக்காது. வண்டி பாலிசி உங்கள் வண்டிக்கும், வண்டியால் பாதிக்கப்படும் வெளியாளுக்கும்தான். ஏற்றிப் போகும் சரக்குக்கும் உங்கள் பொறுப்பில் விட்ட உடைமைக்கும் இழப்பீடு இல்லை என்று பாலிசியிலேயே அச்சடித்திருக்கும். சட்டக் கணக்கில் குதிரையும் சரக்குதான்.

அதனால் குதிரைக்காரர் உங்களிடம்தான் வந்து நிற்பார். பதிவு பெற்ற லாரி சர்வீஸுக்கு 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குச் சட்டம் ஓர் உச்சவரம்பு தருகிறது. அதிக மதிப்பை எழுதிக் கொடுக்காத சரக்குக்கு வாடகையின் பத்து மடங்கு வரைதான் பொறுப்பு. 9,000 ரூபாய் வாடகை என்றால் 90,000. குதிரை மூன்று லட்சம் பெறும் என்றாலும் அவ்வளவுதான். தெரிந்தவர்களுக்கு எப்போதாவது ஓட்டுகிற உங்களுக்கு இந்த வரம்பு கிடைக்காது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 151, 152-ஆம் பிரிவுகள்தான் பேசும். சொந்தப் பொருளை ஒரு விவரமான ஆள் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தீர்கள் என்றால் தப்பித்தீர்கள். இல்லையென்றால் முழு விலையும் உங்கள் தலையில்.

அப்படிப் பார்த்ததற்கு அத்தாட்சி, 1978-ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளைப் பின்பற்றியதுதான். பயணத்துக்குத் தகுதி, தொற்றுநோய் இல்லை என்ற கால்நடை மருத்துவர் சான்று கையில் வேண்டும். தரையில் வழுக்காத விரிப்பு, குதிரைகளுக்கு நடுவே 8 செ.மீ. தடிமனுக்குக் குறையாத மூங்கில், பின்னால் இரண்டு கெட்டியான குறுக்குச் சட்டம், ஏற்றி இறக்கச் சாய்வுப் பலகை. தலை இடப்பக்கம் இருக்க வேண்டும். எதிரே வரும் வண்டிகளைக் கண்டு மிரளாமல் இருக்கத்தான். கூட ஓர் ஆள், முதலுதவிப் பெட்டி. வேகம் மணிக்கு 35 கி.மீ. தாண்டக் கூடாது. அந்தியூர் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் என்பதால் பாதையிலேயே ஏழெட்டு மணி நேரம். தீனி, தண்ணீருக்கு நிறுத்தும் நேரம் தனி.

இடத்தையும் அளந்து பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 125E குதிரை ஒன்றுக்கு 2.25 சதுர மீட்டர் கேட்கிறது. உங்கள் பாடி எட்டுக்கு ஐந்தடி என்றால் மொத்தமே 3.7 சதுர மீட்டர்தான். இரண்டு குதிரை ஏற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். நெருக்கி ஏற்றினால் ஒரு சடன் பிரேக்கில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும், வழக்கும் உங்களுக்கு எதிராகவே போகும்.

ஏற்றும் முன் ஒரு தாள் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள்: குதிரையின் நிறம், சுழி, ஏற்கெனவே உள்ள காயம், ஒப்புக்கொண்ட மதிப்பு, உங்கள் பொறுப்பின் உச்சத்தொகை, கூட வருபவர் பெயர். கடைசியது முக்கியம். சரக்கின் உரிமையாளரோ அவர் அனுப்பிய ஆளோ வண்டியில் வந்து அடிபட்டால் வண்டி பாலிசியில் இழப்பீடு உண்டு. சும்மா தொற்றிக்கொண்டு வருபவருக்குக் கிடையாது.

இன்சூரன்ஸ் இரண்டு பக்கமும் வேண்டும். குதிரைக்காரர் பெயரில் இந்த ஒரு பயணத்துக்கு உள்நாட்டு டிரான்சிட் பாலிசி (வழியில் சரக்குக்கு நேரும் சேதத்துக்கு), உங்கள் பெயரில் கேரியர்ஸ் லயபிலிட்டி பாலிசி (சரக்குக்காக நீங்கள் கொடுக்க வேண்டி வரும் இழப்பீட்டுக்கு). டிரான்சிட் பாலிசி வண்டி கவிழ்ந்தால், மோதினால் கொடுக்கும். வழியில் வயிற்றுச் சூலை வந்து செத்தால் அது பொருளின் தன்மையால் வந்த இழப்பு என்று தள்ளிவிடுவார்கள். அதற்குக் குதிரை செத்தால் பணம் தரும் உயிரிழப்பு பாலிசி தனியாக வேண்டும்.

கேள்வி: தேவகோட்டையில் மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை அனுப்புகிறேன். குதிரைக்கு உயிரிழப்பு பாலிசி இருக்கிறது. போதாதா?

பதில்: விண்ணப்பத்தில் "சவாரிக்கு" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. எழுதிய வேலைக்கு வெளியே பயன்படுத்தினால் இழப்பீடு இல்லை என்பது கால்நடை பாலிசிகளில் வழக்கமான நிபந்தனை. ஊர்வலம், வாடகை, சாலைப் பயணம் மூன்றையும் எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குதிரை இறந்தால் அன்றைக்கே கம்பெனிக்குச் சொல்லி, அரசு கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனை முடிந்த பிறகே புதையுங்கள்.