தம்பிக்கு அனுப்பும் பணம் யார் கைக்குப் போகிறது?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 56 வயது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் வசிக்கிறேன். திருட்டுப் பொருள்களை வாங்கி விற்ற வழக்கில் தண்டனை பெற்ற என் தம்பி 14 மாதங்களாகச் சிறையில் இருக்கிறான். அம்மா கண்மூடுவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனைக் கைவிட்டுவிடாதே" என்று சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனையும் செய்கிறேன்.

முதல் மாதம் சோப்புக்கும் பற்பசைக்கும் 200 ராண்ட் கேட்டான். இப்போது ஞாயிறு இரவுகளில், தெரியாத எண்ணிலிருந்து 'ப்ளீஸ் கால் மீ' என்ற இலவசச் செய்தி வருகிறது. நான் அழைத்தால், பின்னால் பல குரல்கள் கேட்க, "அக்கா, நாளைக்குள் 1,500 ராண்ட் போடாவிட்டால் என்னைச் சும்மா விடமாட்டார்கள்" என்கிறான். பணம் அவன் பெயருக்குப் போவதில்லை. அவன் சொல்லும் யாரோ ஒருவருடைய செல்பேசி எண்ணுக்கு அங்காடியின் கல்லாவில் கட்டி, ரசீதில் வரும் இரகசிய எண்ணை அவனுக்குப் படித்துச் சொல்ல வேண்டும்.

இதுவரை 23,000 ராண்ட் போயிருக்கிறது. ரசீதுகளை ஒரு பழைய பிஸ்கட் தகரப்பெட்டியில் போட்டு, அரிசி டப்பாவுக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறேன். போன மாதம் மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்திலும் கை வைத்துவிட்டேன். கணவருக்கு எதுவும் தெரியாது. தம்பியை ஒருமுறைகூட நேரில் போய்ப் பார்க்கவில்லை. கோயிலில் பழகியவர்கள் சிறை வாசலில் என்னைக் கண்டுவிடுவார்களோ என்ற கூச்சம். செய்தி வந்தால் உடம்பு நடுங்குகிறது. பணம் கட்டியதும் இரண்டு நாள் தூங்குகிறேன். நிறுத்தினால் அவனை அடித்துவிடுவார்கள், தொடர்ந்தால் என் குடும்பம் தாங்காது. நான் என்ன செய்வது?

இப்படிக்கு,
பெயர் சொல்ல விரும்பாத ஒரு அக்கா

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயம் வீண் பயம் அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்கச் சிறைகளில் 26, 27, 28 என்று எண்களால் அழைக்கப்படும் கும்பல்கள் இருப்பது ஊரறிந்த செய்தி. வெளியில் பணம் கட்ட ஒருவர் இருக்கும் கைதியைக் குறிவைத்து, அவருடைய வீட்டாரிடம் கறப்பதும் நடக்கிறது. தம்பி உங்களை ஏமாற்றுகிறாரா, மிரட்டப்படுகிறாரா, அல்லது போதைப்பொருள் கடனில் மாட்டிக்கொண்டாரா என்பதை உங்கள் கடிதத்தை வைத்து என்னால் தீர்மானிக்க முடியாது. மூன்றில் எதுவானாலும், முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகும் பணம் தம்பிக்குப் பாதுகாப்பைத் தராது. இந்த ஆளைத் தட்டினால் காசு வரும் என்றே அது காட்டிக்கொடுக்கிறது. 200 ராண்ட் 1,500 ஆனதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கைதிக்குப் பணம் கொடுக்க முறையான வழி உண்டு. சிறைக்குள் ரொக்கத்துக்கு அனுமதி இல்லை. குடும்பத்தினர் சிறை அலுவலகத்தில் அவர் பெயரில் உள்ள கணக்கில் கட்டி ரசீது வாங்கலாம், அவர் அதைக்கொண்டு உள்ளே இருக்கும் கடையில் சோப்பு, சர்க்கரை, தொலைபேசி அட்டை போன்றவற்றை வாங்கிக்கொள்வார். எவ்வளவு கட்டலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அந்த வரம்பே உங்களுக்கு ஒரு வேலியாக இருக்கும்.

ஆனால் இன்றைக்கே தொலைபேசியில் "இனி தரமாட்டேன்" என்று சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் யார் நின்று கேட்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. முதலில் சிறைத் தலைவரைச் சந்தித்து, தம்பியின் உயிருக்கு மிரட்டல் இருக்கலாம் என்று எழுத்தில் கொடுத்து, அவரை வேறு அறைக்கு மாற்றும்படி கேளுங்கள். அங்கே தயக்கம் தெரிந்தால், நீதிபதி ஒருவரின் தலைமையில் இயங்கும் சிறைக் கண்காணிப்பு அமைப்பை அணுகலாம். 1998ஆம் ஆண்டின் 111ஆம் எண் சட்டத்தின்படி, கைதிகளின் முறையீடுகளைக் கேட்பதற்கென்றே அது சுதந்திரப் பார்வையாளர்களை நியமிக்கிறது. அவர்கள் சிறை நிர்வாகத்தின் ஆட்கள் அல்லர். பணம் போன செல்பேசி எண்களும் தேதிகளும் உங்கள் தகரப்பெட்டியில் இருக்கின்றன. அவை இப்போது சாட்சியம், ஒன்றையும் எறிந்துவிடாதீர்கள்.

இனி உங்கள் மனத்துக்கு வருகிறேன். செய்தி வந்ததும் நடுக்கம், கட்டியதும் இரண்டு நாள் தூக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் கட்டிப்போட்டிருப்பது அந்த இரண்டு நாள் தூக்கம்தான். கட்டினால் பயம் தணியும் என்று உடம்பு பழகிவிட்டதால், அடுத்த முறை யோசிப்பதற்கு முன்பே கால்கள் கல்லாவை நோக்கி நடக்கின்றன. அடுத்த செய்தி வரும்போது, திருப்பி அழைப்பதற்கு முன் ஒரு மணி நேரம் பொறுத்திருந்து பாருங்கள். நடுக்கம் முதலில் ஏறும்; பிறகு, பணம் கட்டாமலேயே, மெல்ல இறங்கத் தொடங்கும்.

கணக்கு எழுதுபவர்போல ஒவ்வொரு ராண்டையும் நினைவில் வைத்திருக்கும் நீங்கள், தம்பி இளைத்திருக்கிறாரா, முகத்தில் காயம் உண்டா என்று ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத முடியாது, ஏனென்றால் பார்க்கவில்லை. "கைவிட்டுவிடாதே" என்ற உங்கள் அம்மா பணம் அனுப்பு என்று சொல்லவில்லை. போக முடியாத கூச்சத்துக்கு ஈடாகத்தான் இத்தனை ஆயிரங்களைக் கொடுத்துவருகிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. இதை உங்களைப் புண்படுத்தச் சொல்லவில்லை. அந்த வாசலில் தெரிந்தவர் யாராவது நின்றால், அவரும் தம் வீட்டுப் பிள்ளையைப் பார்க்கத்தான் வந்திருப்பார்.

பார்க்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்து, அடையாள அட்டையுடன் செல்லுங்கள். அங்கே உட்கார்ந்து நிதானமாகச் சொல்லுங்கள்: "மாதம் ஒருமுறை வருவேன், உன் கணக்கில் 200 ராண்ட் கட்டுவேன், வேறு எந்த எண்ணுக்கும் அனுப்பமாட்டேன்." அவர் கோபப்படலாம், அழலாம். சொன்ன தொகையை மாற்றாதீர்கள். சொன்ன மாதத்தில் போகத் தவறாதீர்கள்.

அதற்கு முன் ஒரு காரியம் இருக்கிறது. மகளின் கல்யாணப் பணம் உங்களுடையது மட்டும் அல்ல. இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் அந்தப் பெட்டியை எடுத்து வந்து கணவர் முன் திறந்து வையுங்கள். அவர் முதலில் கத்தினால் கத்தட்டும். ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்க இரண்டு பேர் வேண்டும்.