பாலிகார்பனேட் ஷீட்டைச் சூடு காட்டாமலே மடிக்கலாம், மடித்த பிறகுதான் கவனம் வேண்டும்

கோவையில் சின்ன லேத் (கடைசல் இயந்திரம்) பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வெட்டும் இடத்தைக் குளிர்விக்க ஊற்றும் கூலன்ட் திரவம் தெறிக்காமல் இருக்க, கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட்டின் 3 மி.மீ. ஷீட்டில் எல் வடிவ மறைப்பு செய்யப் பார்த்தாராம். தகடு மடிக்கும் பிரஸ் பிரேக்கில் 90 டிகிரிக்கு மடித்தார், மறுநாள் பார்த்தால் 110 டிகிரிக்கு மேல் விரிந்து கிடக்கிறது. இன்னொரு துண்டு மடிக்கும்போதே ஓரத்திலிருந்து விரிசல் விட்டது. ஒரு துண்டு நன்றாக வந்தது, ஆனால் தின்னர் போட்டுத் துடைத்ததும் மடிப்பு முழுக்க மெல்லிய கோடுகள். வெறுத்துப்போய் ஹீட் கன் பிடித்தார், உள்ளே குமிழ் குமிழாக வந்துவிட்டது. "இதைச் சூடு இல்லாமல் மடிக்க முடியுமா, முடியாதா?"

முடியும். ஆனால் முதலில் உங்கள் கையில் இருப்பது பாலிகார்பனேட்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பார்க்க அதே மாதிரி இருக்கும் அக்ரிலிக்கையும் இதையும் கடையில் ஒரே பெயரில் கொடுத்துவிடுவார்கள், அக்ரிலிக்கைச் சூடில்லாமல் மடித்தால் பட்டென்று உடைந்து சிதறும். விரல் அகலத் துண்டு ஒன்றைத் துணியில் சுற்றி வைஸில் பிடித்து, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மடியுங்கள். உடையாமல் மடிந்தால் அது அக்ரிலிக் இல்லை. அதோடு, கீறல் விழாத ஹார்ட் கோட்டிங் உள்ள ஷீட்டாக இருந்தால் இப்படி மடிக்கவே வேண்டாம். மடிக்கிற இடத்தில் அந்தப் பூச்சு வெடித்துவிடும். கீழே சொல்வது எல்லாம் பூச்சில்லாத சாதா ஷீட்டுக்கு, அதுவும் 6 மி.மீ. கனம் வரைக்கும்தான்.

சரி, விரிந்த கோணம். இந்தப் பிளாஸ்டிக் மடிந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும், கொஞ்சம் உடனே, மீதி ஓரிரு நாளில் மெதுவாக. 90 வேண்டுமென்றால் ஏறக்குறைய 25 டிகிரி கூடுதலாக, அதாவது உள்கோணம் 65 அளவுக்கு வரும் வரை அழுத்த வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பட்டறைகளில் சாதாரணமாக இருக்கும் 88 டிகிரி டையில் (ஷீட்டைத் தாங்கும் V வடிவ அடி அச்சு) எவ்வளவு அழுத்தினாலும் 88-க்குக் கீழே போகாது, 60 டிகிரி அல்லது அதைவிடக் கூரான டை செட் வேண்டும். கையால் தூக்கி மடிக்கும் பழைய ஃபோல்டிங் மிஷினாக இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை, அதில் 90-ஐத் தாண்டித் தாராளமாகப் போகலாம். எத்தனை டிகிரி கூட்டுவது என்பதை என் கணக்கை நம்பிச் செய்யாதீர்கள். அதே ஷீட்டில் அரை சாண் துண்டு வெட்டி மடித்து, இரண்டு நாள் விட்டு, அப்புறம் அளந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நான் இன்றைக்கும் ஒவ்வொரு புது ஷீட்டுக்கும் இதைத்தான் செய்கிறேன்.

மேலிருந்து அழுத்தும் அச்சான பஞ்சின் முனை கத்தி போல் இருக்கக் கூடாது. 3 மி.மீ. ஷீட்டுக்கு முனை ஆரமும் 3 மி.மீ.யாவது இருக்கட்டும், கூரான முனை உள்பக்கம் ஒரு வெட்டையே போட்டுவிடும். ஷீட் மேல் ஒட்டியிருக்கும் ஃபிலிமை மடித்து முடிக்கும் வரை உரிக்க வேண்டாம், டையின் தழும்பு விழாது.

ஓரத்திலிருந்து விரிசல் விட்டதற்குக் காரணம் பெரும்பாலும் வெட்டுதான். ஷியரிங்கில் வெட்டினாலும் ரம்பத்தில் அறுத்தாலும் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிளவுகள் இருக்கும், மடிக்கும்போது வெளிப்பக்கம் இழுபடுவதால் அந்தப் பிளவு உள்ளே ஓடும். ஆகவே மடிப்புக் கோடு விளிம்பைத் தொடும் இரண்டு முனையையும் அரத்தால் சீவி, 240 நம்பர் எமரித் தாள், அப்புறம் 400 நம்பர் என்று வழவழப்பாக்குங்கள். விளிம்பின் நீளவாக்கில் தேயுங்கள், குறுக்கே தேய்த்தால் நீங்களே புதுப் பிளவு போட்டுக் கொடுத்தது போல் ஆகும். துளை போடுவதானால் மடிப்பிலிருந்து நன்றாகத் தள்ளிப் போடுங்கள்.

இப்போது தின்னர் விஷயம். இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் மற்ற தவறுகள் ஓரிரு நாளில் தெரிந்துவிடும், இது சில சமயம் மாதங்கள் கழித்துத்தான் தெரியும். சூடில்லாமல் மடித்த ஷீட்டில் அந்தக் கோடு எப்போதும் விறைப்பாகவே இருக்கும், அந்த இடத்தை ஏதோ ஒன்று இடைவிடாமல் இழுத்துப் பிடித்திருப்பது மாதிரி. சமமான ஷீட்டில் பட்டிருந்தால் அவ்வளவாகக் கெடுக்காத திரவம்கூட, இழுபட்டு நிற்கும் இடத்தில் பட்டால் வெடிப்பைத் தொடங்கி வைத்துவிடும். தின்னர், அசிட்டோன், பெட்ரோல், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. இளஞ்சூட்டுத் தண்ணீர், சோப்பு, மெத்தென்ற துணி போதும். ஷீட்டின் ஓரத்தில் மாட்டும் மென்மையான பிவிசி பீடிங்கையும் தவிருங்கள், அதிலிருந்து கசியும் எண்ணெயே ஷீட்டைக் கெடுக்கும். அதற்குப் பதில் ஈபிடிஎம் என்ற வகை ரப்பர் பீடிங் வாங்குங்கள்.

இந்த விறைப்பைக் கண்ணாலேயே பார்க்க ஒரு வழி உண்டு. லேப்டாப் திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதற்கு முன்னால் ஷீட்டைப் பிடித்து, போலராய்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பாருங்கள். மடிப்பில் வானவில் நிறங்கள் நெருக்கமாக அடுக்கியிருப்பது தெரியும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

ஹீட் கன்னில் குமிழ் வந்தது ஈரத்தால். பாலிகார்பனேட் காற்றிலிருந்து கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், ஒரே இடத்தில் சூடு ஏறினால் அது உள்ளேயே ஆவியாகும். இந்த ஷீட் இளகுவதே 150 டிகிரி செல்சியஸ் வாக்கில். மடிப்புக் கோட்டை மட்டும் சூடேற்றும் ஸ்டிரிப் ஹீட்டரில் 155 முதல் 165-க்குள் சீராகக் காட்டினால் பெரும்பாலும் குமிழ் இல்லாமல் மடியும், விறைப்பும் மிகக் குறைவாக இருக்கும். அதற்கும் மேலே சூடாக்கி வேறு வடிவம் எடுப்பதானால் முதலில் 120 டிகிரியில் பல மணி நேரம் உலர்த்த வேண்டும்.

உங்கள் வேலைக்கு என் யோசனை வேறு. கூலன்ட் நாள் முழுக்கத் தெறிக்கும் இடத்தில் கூரான மடிப்பே வேண்டாம். அந்த ஷீட்டை வளைத்து ஒரு சட்டத்துக்குள் பிடித்து நிறுத்துங்கள். சாதா ஷீட்டை அதன் கனத்தைப் போல் 100 மடங்கு ஆரத்துக்குச் சூடில்லாமல் வளைக்கலாம், ஆக 3 மி.மீ.க்கு 300 மி.மீ. ஆரம், ஒரு லேத்துக்கு அது தாராளம். அதற்கும் இடமில்லை என்றால் இரண்டு தட்டைத் துண்டுகளை அலுமினிய ஆங்கிளில் போல்ட் போட்டுச் சேருங்கள். துளையை போல்ட்டைவிடப் பெரிதாக, அடியில் அகல வாஷர் வைத்து, இறுக்கி முறுக்காமல் போடுங்கள். மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.065 மி.மீ. விரியும் பொருள் இது, 30 டிகிரி ஏற்ற இறக்கத்தில் ஒரு மீட்டர் ஷீட் 2 மி.மீ. நகரும்.

இன்னொன்று. நீங்கள் கேட்டது தெறிப்புத் தடுப்பு மட்டும்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன். வேலைத்துண்டைப் பிடித்துச் சுழற்றும் சக்கிலிருந்து அது பறந்து வந்தால் தாங்க வேண்டும் என்றால் 3 மி.மீ. போதவே போதாது, அதற்கு மிஷின் தயாரிப்பாளர் சொல்லும் கனத்தில், மடிப்பில்லாத தட்டை ஷீட்டைச் சட்டத்தில் பிடித்துத்தான் போட வேண்டும். மாதம் ஒரு முறை டார்ச்சைச் சாய்த்து அடித்து விளிம்பையும் துளைகளையும் பாருங்கள். முடி போன்ற கோடு ஒன்று தெரிந்தாலும், ஷீட் மங்கி மஞ்சளித்தாலும், அன்றைக்கே கழற்றி மாற்றிவிடுங்கள்.