ஏர் ஃப்ரையரில் ஆப்பிள் போட்டால் மேலே கருகுகிறது, உள்ளே மாவாகிறது. எந்த ஆப்பிள், எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்?

"புதிதாக ஏர் ஃப்ரையர் வாங்கினோம். ஆப்பிளை நறுக்கி, சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவி வைத்தால் மேலே கருகிவிடுகிறது, உள்ளே மாவு மாதிரி ஆகிவிடுகிறது. எண்ணெய் இல்லாமல் ஒழுங்காகச் செய்ய வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் நேரடியான பதில். புளிப்பும் கெட்டியும் உள்ள ஆப்பிள், விரல் தடிமனில் துண்டு, 180 டிகிரி, 8 முதல் 10 நிமிஷம், ஒரு பழத்துக்கு அரை ஸ்பூன் நெய். இனிப்பு மட்டும் கடைசி 2 நிமிஷத்தில். உங்களுக்குக் கருகியது சர்க்கரை, மாவானது ஆப்பிளின் ரகம். இரண்டும் வேறு வேறு காரணம். மெஷினை மாற்ற வேண்டாம்.

நான் காந்தளூர்க்காரி. உடுமலையிலிருந்து சின்னாறு காட்டைத் தாண்டி மறையூர் வந்து, அங்கிருந்து இன்னும் சுமார் 15 கிலோமீட்டர் மலை ஏறினால் எங்கள் ஊர். இடுக்கி மாவட்டம், ஆனால் வீட்டிலும் தோட்டத்திலும் தமிழ்தான். கேரளாவில் ஆப்பிள் காய்க்கிற ஊர் என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள். ஆப்பிள் மரத்துக்குக் குளிர்காலத்தில் நல்ல குளிர் பட வேண்டும், அப்போதுதான் அடுத்த பருவத்தில் ஒழுங்காக மொட்டு விடும். இங்கே கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். மேற்கே உள்ள மலைகள் மழையின் வேகத்தைத் தடுத்துவிடுகின்றன. அதனால் குறைந்த குளிரிலேயே காய்க்கிற ரகங்கள் தாக்குப் பிடிக்கின்றன. ஆடி வாக்கில் பழம் பறிக்க ஆரம்பிப்பார்கள்.

சுற்றுலா வருகிறவர்கள் மரத்தில் தொங்குவதைப் பார்த்து ஆசையாக வாங்குவார்கள். ஒரு கடி கடித்துவிட்டு "என்ன இப்படிப் புளிக்குது" என்று மீதியைப் பையில் போட்டுவிடுவார்கள். எனக்கு மனசு கேட்காது. எங்கள் வீட்டுக்கு வருகிற பழம் சின்னது, தோல் கொஞ்சம் தடிப்பு, புளிப்பு தூக்கல். பச்சையாகத் தின்பதற்கு வாஷிங்டன் ஆப்பிளோடு அது போட்டி போடாது. அடுப்பில் ஏற்றுகிற ஆப்பிள் என்றால் அந்தப் புளிப்புதான் உயிர். நெய்யும் வெல்லமும் சேரும்போது அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு புளிப்பு வேண்டும். அது இல்லையென்றால் வாயில் வெறும் திகட்டல்தான்.

சரி, கடையில் எதை வாங்குவது? பச்சை ஆப்பிள் என்று வைத்திருப்பார்களே, கிரானி ஸ்மித், அதுதான் முதல் சாய்ஸ். ஆஸ்திரேலியாவில் 1868 வாக்கில் ஒரு பாட்டி தோட்டத்தில் தானாக முளைத்த ரகம் அது, வெந்தாலும் துண்டு துண்டாக நிற்கும். அது கிடைக்காவிட்டால் ஃபூஜி, அதுவும் இல்லையென்றால் காலா. இவை இரண்டும் இனிப்பு ரகம் என்பதால் அரை எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். நல்ல சிவப்பாக, அடிப்பக்கம் ஐந்து முடிச்சோடு இருக்கிற ரெட் டெலிஷியஸ் மட்டும் வேண்டாம். அது பெரும்பாலும் குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் இருந்து வருவது. செல்களை ஒட்டி வைத்திருக்கிற பெக்டின் ஏற்கெனவே தளர்ந்திருக்கும், சூடு பட்டதும் செல்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். நீங்கள் சொல்கிற அந்த 'மாவு' அதுதான். கடையிலேயே விரலால் சுண்டிப் பாருங்கள். 'டொக்' என்று தெளிவாகக் கேட்டால் எடுங்கள், மந்தமாகக் கேட்டால் விட்டுவிடுங்கள். வெளிநாட்டுப் பழத்தில் மெழுகுப் பூச்சு இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் ஓரளவு போய்விடும்.

தோலைச் சீவ வேண்டாம். துண்டு உடையாமல் பிடித்து வைப்பதே தோல்தான். பழத்தை நாலாகப் பிளந்து, விதையையும் நடுத்தண்டையும் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றையும் இரண்டாகவோ மூன்றாகவோ கீறுங்கள். எல்லாத் துண்டும் ஒரே தடிமனில் இருக்க வேண்டும். நேரம் எவ்வளவு என்பதை இதுதான் தீர்மானிக்கும். நறுக்கியதும் உப்புத் தண்ணீரில் 5 நிமிஷம் போட்டால் நிறம் மாறாது. எடுத்த பிறகு ஒரு துணியில் பரப்பி, ஈரத்தை ஒற்றி எடுங்கள். இந்த வேலையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஆப்பிளில் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர். மேலே வேறு ஈரம் இருந்தால் மெஷின் முதல் நாலைந்து நிமிஷத்தை அதைக் காய வைப்பதிலேயே செலவழிக்கும், அதற்குள் உள்ளே குழைந்துவிடும்.

நெய்யை உருக்கி, அதிலேயே பட்டைத்தூளும் ஒரு சிட்டிகை சுக்குத்தூளும் கலந்து, துண்டுகள் மேல் பிசறுங்கள். பட்டைத்தூளைக் காய்ந்தபடி தூவினால் உள்ளே இருக்கிற ஃபேன் காற்று அதைக் கிளப்பி, மேலே சூடு தருகிற கம்பிச்சுருளில் (காயில்) கொண்டுபோய் ஒட்ட வைக்கும். கருகின வாசனை பாதி அதிலிருந்துதான் வருகிறது. 3 நிமிஷம் காலியாகச் சூடேற்றிவிட்டுத் துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். 5 நிமிஷத்தில் கூடையை இழுத்து ஒரு குலுக்கு. அப்புறம் பக்கத்திலேயே நில்லுங்கள். முதலில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு துண்டின் வெட்டுப்பக்கத்தில் சாறு பொடிப் பொடியாகக் கொப்பளித்து, தோல் ஓரம் லேசாகச் சுருங்கி உள்ளே மடியும். கத்தி முனையை நடுவில் இறக்கினால் தோலுக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் தடை இருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் வெல்லம்.

ஏன் அப்போது? ஆப்பிளில் ஈரம் இருக்கும் வரை அதன் சூடு தண்ணீர் கொதிக்கிற அளவைத் தாண்டாது. மேலே தூவிய சர்க்கரைக்கு அந்தக் காப்பு கிடையாது. 160, 170 டிகிரியிலேயே அது நிறம் மாற ஆரம்பித்துவிடும். வெல்லத்தில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்திருப்பதால் இன்னும் முன்னாலேயே கருகும். அதனால் ஒரு ஸ்பூன் வெல்லத்தை ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, கடைசி 2 நிமிஷத்துக்கு முன் துண்டுகள் மேல் பூசுங்கள், போதும். எங்களுக்கு மறையூர் உருண்டை வெல்லம் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய வெல்லம், நல்ல கரும்பழுப்பு, உப்புக் கரிப்பே இருக்காது. அது ஆப்பிள் புளிப்போடு சேருகிற ருசி வெள்ளைச் சர்க்கரையில் வரவே வராது. உங்கள் ஊரில் கிடைத்தால் விடாதீர்கள்.

இன்னொரு விஷயம், மலையில் இருப்பவர்களுக்கும் கிராமத்துக்காரர்களுக்கும். சமையல் குறிப்பில் போட்டிருக்கிற நிமிஷமெல்லாம் முழு வோல்டேஜுக்கு. 230-ல் ஓட வேண்டியது 200-க்கு இறங்கினால் காயில் தருகிற சூடு ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். காற்று மழைக் காலத்தில் இங்கே அது சாதாரணம். அப்படிப்பட்ட நாளில் டிகிரியைக் கூட்டாதீர்கள், நேரத்தைக் கூட்டுங்கள். 1,500 வாட் மெஷின் 6 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதைச் சின்ன பிளக் பாயிண்டில் செருக வேண்டாம், ஹீட்டருக்குப் போடுகிற 16 ஆம்பியர் பாயிண்டிலேயே போடுங்கள்.

துண்டு போடுவது கைவந்துவிட்டால், பூரணம் வைத்த ஆப்பிளைச் செய்து பாருங்கள். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. கொழுக்கட்டைக்குச் செய்கிற அதே பூரணம்: தேங்காய்த் துருவல், வெல்லம், ஏலக்காய், கொஞ்சம் நெய். சின்ன ஆப்பிளாக எடுத்து, மேலே மூடி மாதிரி ஒரு வட்டம் வெட்டி வைத்துக்கொண்டு, நடுப்பகுதியை ஸ்பூனால் தோண்டுங்கள். அடி ஓட்டையாகிவிடாமல் ஒரு விரல் கனம் விடுங்கள். பழத்தைச் சுற்றி இடுப்பு அளவில் தோலை மட்டும் மெல்லிசாக ஒரு கீறு கீறினால் வேகும்போது தோல் வெடிக்காது. பூரணத்தை முக்கால் அளவு அடைத்து, அந்த மூடியைத் திரும்ப வைத்து, ஒரு பல்குச்சி குத்துங்கள். மூடி இல்லையென்றால் தேங்காய் கருகிவிடும், குச்சி இல்லையென்றால் காற்றில் மூடி நகர்ந்துவிடும். 170 டிகிரி, 18 முதல் 20 நிமிஷம். எடுத்ததும் சாப்பிடாதீர்கள், உள்ளே வெல்லப்பாகு கொதித்துக்கொண்டிருக்கும்.

என் மாமியார் இதை முதலில் பார்த்தபோது, "ஏம்மா, இதுக்குப் போய் கரண்டைச் செலவு பண்ணணுமா? விறகடுப்புத் தணல்ல புதைச்சு வச்சாலே வெந்துடுமே" என்றார்கள். வெந்துவிடும், உண்மைதான். ஆனால் தணலில் சூட்டைக் கணக்குப் பண்ண அத்தைக்கு இருக்கிற கை எல்லோருக்கும் இல்லை. இப்போது பூரணம் பிடிப்பது அவர்கள்தான். பல் இல்லாத அவர்களால் தோலை ஒதுக்கிவிட்டு ஒரு பழத்தை முழுசாகச் சாப்பிட முடிகிறது. சின்னப் பிள்ளைகளுக்கும் வேகாத ஆப்பிள் துண்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளும் பயம் உண்டு. நன்றாக வெந்து மசிகிற ஆப்பிளில் அந்தக் கவலை குறைவு. சர்க்கரை வியாதிக்காரர்கள் வெல்லத்தை விட்டுவிட்டு நெய், பட்டை, சுக்கோடு சாப்பிடட்டும், ஆனால் அளவோடு. 100 கிராம் ஆப்பிளில் சுமார் 10 கிராம் சர்க்கரை அதிலேயே இருக்கிறது.

எண்ணெய் இல்லாமல் முடியுமா என்றால், முடியும். இந்த மெஷின் பொரிப்பதில்லை, சூடான காற்றை வேகமாகச் சுழற்றிச் சுடுகிறது, அவ்வளவுதான். ஆப்பிள் வேக எண்ணெய் தேவையே இல்லை. நெய் போடுவது பட்டை, சுக்கு வாசனை துண்டில் பிடிப்பதற்கும் ஓரம் வறண்டு தோல் மாதிரி ஆகாமல் இருப்பதற்கும். அரை ஸ்பூன் நெய்யைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

சிப்ஸ் பற்றியும் பலர் கேட்கிறார்கள். செய்யலாம், ஆனால் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காகிதம் போலச் சீவி, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கம்பித்தட்டைக் கவிழ்த்து, சூட்டைக் குறைத்து நிறைய நேரம் வைக்க வேண்டும். ஒரு ஈடுக்கு ஒரு கைப்பிடிதான் தேறும். மழைக்காலத்தில் சம்படத்தில் போட்டு மூடுவதற்குள் நமத்துவிடும்.

பூரணமோ வெல்லமோ போட்ட அன்றைக்குக் கூடையை ஆற விடாதீர்கள். பழத்தைத் தட்டில் எடுத்து வைத்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூடையை மெஷினிலிருந்து வெளியே எடுத்து, வெந்நீர் ஊற்றி ஊற வையுங்கள். பாகு தானாகக் கரைந்து வந்துவிடும். காய்ந்த பிறகு கம்பி நார் போட்டுத் தேய்த்தால் நான்ஸ்டிக் பூச்சு உரிந்துவிடும், அடுத்த தடவையிலிருந்து எதைப் போட்டாலும் ஒட்டும்.